சித்தப்பா தன் பெயரைச் சொன்ன நாள்

சித்தப்பா ‘பார்பர்ஷொப்’ ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் உறவினர் மத்தியில் பரவியபோது, அவர் முடி வெட்டப் பழகுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அஜக்ஸில் இருந்த பெரியம்மா அம்மாவைத் தொலைபேசியில் பிடித்து, சலூன் எங்கே போடப்போகிறார், ஸ்காபரோவிலா மார்க்கத்திலா என்று விசாரித்தார். அம்மாவுக்கும் அப்போது விஷயம் சரியாகத் தெரியாது. “முதல் வடிவாப் பழகட்டும் அக்கா, பிறகு பாப்பம்” என்று சொல்லிவைத்தார்.

அப்பா மட்டும் நேரே கேட்டார். “டேய், உதுக்கு லைசென்ஸ் எடுக்க வேணுமாம். தெரியுமோ?”

சித்தப்பா சிரித்தார். சிரித்து முடித்து, மூச்சை இழுத்து, “பா… பா… பாட்டு, அண்ணை” என்றார்.

அப்பாவின் ஒரே தம்பி அவர். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் எங்களோடு இருந்தார். முப்பத்தாறு வயது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருக்குப் பேச்சுத் திக்கும். ஊரில் அதைக் கொன்னை என்பார்களாம்; எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. சொல் எங்காவது தடக்கி நின்றால் பக்கத்தில் இருப்பவர் அதை முடித்துவைப்பார். “சோ…” என்றதும் அம்மா சோற்றுச் சட்டியை அவர் பக்கம் நகர்த்துவார். “நா… நாளைக்கு” என்று தொடங்கினால் அப்பா, “வேலை இல்லையோ? நல்லது, ஆறுதலா எழும்பு” என்று கேள்வி, பதில், அறிவுரை மூன்றையும் தானே சொல்லிவிடுவார். வீட்டிலேயே இதில் கெட்டிக்காரி நான்தான். முதல் எழுத்து வெளியே வந்ததுமே முழு வசனத்தையும் சொல்லிவிடுவேன். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்தி விடை சொல்பவளுக்கு இருக்கும் பெருமை எனக்கு இதிலும் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர் பாடப்போன கதை இப்படி. கண்ணாடித் தொழிற்சாலையில் எல்லோரும் காதை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. அந்த வேலை அவருக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யந்திரத்தின் இரைச்சலுக்குள் அவர் தன்பாட்டில் அடிக்குரலில் முனகிக்கொண்டிருப்பார். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு யந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். யந்திரம் நின்ற பிறகும் அதன் இரைச்சல் மட்டும் நிற்கவில்லையாம். பக்கத்து மேசையில் வேலை செய்த வோல்டர் என்ற கிழவர் சுற்றிச் சுற்றித் தேடிப் பார்த்து, அது சித்தப்பாவின் தொண்டை என்று கண்டுபிடித்தார். வோல்டர் இருபது வருடமாக ஒரு பார்பர்ஷொப் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அது நாலு குரலில் பாடும் ஒரு வகைப் பாட்டுக்குப் பெயர்; முடியோடு சம்பந்தமில்லை. அந்தக் குழுவுக்கு அடிக்குரல்காரர்கள் போதாமல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சித்தப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. அப்பா சாமான் இறக்கும் ட்ரக்கோடு எங்காவது நிற்பார். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சித்தப்பாவுடையது. நானும் அவரோடு போகத் தொடங்கினேன்.

வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு தேவாலயம். அதன் கீழ்த்தளத்து மண்டபத்தில் முப்பது பேர் வரையில் கூடுவார்கள். அநேகம் பேர் தலை நரைத்த வெள்ளைக்காரர். ஓய்வுபெற்ற ஒரு ஜமேக்கா மனிதர் இருந்தார். சீனர் ஒருவர் பஸ் ஓட்டிவிட்டு அதே சீருடையோடு வந்துவிடுவார். குழுவை நடத்தியவர் மாக்ரெட் என்ற பெண். உயரம் குறைந்தவர், ஒரு மரப்பெட்டியில் ஏறி நின்றுதான் கை காட்டுவார். வாத்தியம் ஒன்றும் கிடையாது. வட்டமான சின்ன ஊதுகுழல் ஒன்றை மாக்ரெட் ஒருமுறை ஊதுவார்; அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொடங்கவேண்டும். பாடுவதில் நாலு வகை. ஒரு கூட்டம் பாட்டின் மெட்டைப் பாடும். ஒரு கூட்டம் அதற்கு மேலே மெல்லிய குரலில் போகும். இன்னொரு கூட்டம் இடையில் விட்ட இடங்களை நிரப்பும். எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ் என்ற அடிக்குரல். சித்தப்பா அங்கே, கடைசி வரிசையில், வோல்டருக்குப் பக்கத்தில் நிற்பார்.

பாடும்போது அவருக்குத் திக்காது. முதல் நாள் நான் அதைக் கேட்டு, வீட்டுப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தேன். ‘க’, ‘ப’, ‘த’ எல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. நாலு குரல்களும் சரியாகப் பொருந்தினால் மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும், அதை யாரும் பாடுவதில்லை என்று வோல்டர் எனக்குச் சொன்னார். நான் நம்பாமல், யார் ஏமாற்றிப் பாடுகிறார்கள் என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

இடையில் கோப்பி குடிக்கப் பதினைந்து நிமிடம் விடுவார்கள். எனக்கு பிஸ்கட் கிடைக்கும். அப்போது சித்தப்பாவும் நாலு பேரோடு நின்று பேசுவார், ஆங்கிலத்தில். அங்கேயும் திக்கும், ஆங்கிலத்தில் இன்னும் கூடத் திக்கும். ஆனால் அந்த மனிதர்களுக்கு ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. அவர் சொல்லில் நின்றால் அவர்களும் நிற்பார்கள். கோப்பையைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கேயும் போக அவசரமில்லாதவர்கள் போல. வயது போனவர்கள், அதனால் மூளை மெதுவாக வேலை செய்கிறது, அடுத்த சொல் என்னவென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை என்று நான் முடிவு செய்தேன். ஓரிரு முறை பரிதாபப்பட்டு நானே அவர்களுக்கு எடுத்துக்கொடுத்தேன். வோல்டர் எனக்கு இன்னொரு பிஸ்கட் தந்து, அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடச் சொன்னார்.

அந்த வசந்த காலத்தில் சித்தப்பாவுக்கு மூன்றாவது முறையாகக் கல்யாணப் பேச்சு வந்தது. முதல் பேச்சு தொலைபேசியோடு முடிந்திருந்தது. அந்தப் பெண் மூன்று தரம் “ஹலோ” சொல்லிப் பார்த்துவிட்டு, லைனில் யாரும் இல்லை என்று வைத்துவிட்டாராம். இரண்டாவது இடத்துக்காரர் வீட்டுக்கே வந்தார்கள். சித்தப்பா “வாங்கோ” சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் உள்ளே வந்து, இருந்து, ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, சாதகம் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது.

மூன்றாவது பெண்ணைப் பெரியம்மா கண்டுபிடித்தார். ஒரு பல் வைத்தியரிடம் முன்மேசையில் வேலை செய்பவர். தாயோடு ஸ்காபரோவிலேயே இருந்தார். அம்மா இந்த முறை நன்றாக யோசித்து ஒரு வழி கண்டார். குழுவின் வருடாந்த நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்க இருந்தது. பெண்ணையும் தாயையும் அதற்கு அழைப்பது. மாப்பிள்ளை மேடையில் பாடுவதை அவர்கள் பார்க்கட்டும். பிறகு நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போவது. அங்கே இருக்கும் சத்தத்தில் யாரும் யாரையும் பேச வைக்கமாட்டார்கள்.

“கதைக்க வைச்சால்தானே பிரச்சினை. பாட வைப்பம்” என்றார் அப்பாவிடம். அப்பாவுக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

சித்தப்பாவிடமும் சொன்னார்கள். “நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம், தம்பி. பாடிப்போட்டு இறங்கி வாரும். மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். “அ… அண்ணி, அ… அண்டைக்கு நா…”

“வெக்கமாத்தான் இருக்கும். அதெல்லாம் பழகிப்போகும்” என்று அம்மா முடித்துவைத்தார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஏனென்றால் அதற்கு முந்திய வாரம் நான் தேவாலய மண்டபத்தில் இருந்தேன். அந்த வருடம் சேர்ந்தவர்கள் மூன்று பேரும் நிகழ்ச்சியில் ஒலிவாங்கி முன்னால் வந்து தங்களை அறிமுகப்படுத்துவது அந்தக் குழுவின் வழக்கம். பெயர், தொழில், எந்தக் குரல் பாடுகிறார், அவ்வளவுதான். மாக்ரெட் சித்தப்பாவைத் தனியே அழைத்து, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்றார். சித்தப்பா நீண்ட நேரம் எடுத்து, தான் சொல்வதாகச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் பயிற்சி தொடங்குமுன் காரிலேயே அவர் அதைப் பழகினார். தேவாலயத்தின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொல்லிப் பார்ப்பார். என் பெயர் இன்னது. நான் கண்ணாடி வெட்டுகிறேன். நான் பேஸ் பாடுகிறேன். கண்ணாடியும் பேஸும் எப்படியோ வந்துவிடும். பெயர்தான் வராது. அது ‘க’வில் தொடங்கும் பெயர். தொண்டையில் கதவு சாத்தியது போல அடைத்துக்கொள்ளும். பின்சீற்றிலிருந்து நான் அதைச் சொல்லிவிடுவேன்.

“பொ… பொறு” என்பார் காரின் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

அது ஒரு விளையாட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் தொடங்குவதும் நான் முந்துவதும். எத்தனையோ முறை முந்தியிருக்கிறேன்.

நிகழ்ச்சி நாளன்று நாங்கள் ஆறாவது வரிசையில் இருந்தோம். அப்பா, அம்மா, பெண்ணின் தாய், அந்தப் பெண், கடைசியில் நான். அந்தப் பெண் பச்சைச் சேலை கட்டியிருந்தார். என்னிடம் எந்த வகுப்புப் படிக்கிறேன் என்று கேட்டார். அம்மா காரில் வரும்போதே எனக்குச் சொல்லியிருந்தார்: சித்தப்பாவைப் பற்றி எது கேட்டாலும் “நல்லவர்” என்று மட்டும் சொல்லவேண்டும், வேறு கதை கிடையாது. ஆகவே எந்த வகுப்பு என்று சொன்னதோடு, கேட்காமலே, சித்தப்பா நல்லவர் என்றும் சொல்லிவைத்தேன்.

திரை விலகியது. நீல நிற வெயிஸ்கோட்டும் போ டையும் கட்டி முப்பது பேர் நின்றார்கள். சித்தப்பாவின் சேர்ட்டை அம்மா இரண்டு தரம் அயர்ன் பண்ணியிருந்தார். முதல் இரண்டு பாட்டுகளும் நன்றாகப் போயின. பெண்ணின் தாய், கர்நாடக சங்கீதமாக்கும் என்று நினைத்து வந்தவர், இவர்கள் எப்போது பாடத் தொடங்குவார்கள் என்று அம்மாவிடம் கேட்டார். இதுதான் பாட்டு என்று அம்மா சொன்னார்.

பிறகு மாக்ரெட் சபையைப் பார்த்துத் திரும்பி, இந்த வருடம் சேர்ந்த மூன்று பேரும் இப்போது தங்களை அறிமுகம் செய்வார்கள் என்றார். அம்மாவின் கை அப்பாவின் முழங்கையைப் பிடித்தது. முதலாவது ஆள் சொன்னார். இரண்டாவது ஆள் ஏதோ பகிடியும் சேர்த்துச் சொன்னார், சபை சிரித்தது. மூன்றாவதாகச் சித்தப்பா முன்னால் வந்தார்.

“என் பெயர்” என்பது ஆங்கிலத்தில் சுகமாக வந்தது. அதோடு நின்றது.

அவருடைய வாய் திறந்திருந்தது. தாடை மெல்ல நடுங்கியது. கண்களை மூடிக்கொண்டார். ஒலிவாங்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. மண்டபத்தில் யாரோ செருமினார்கள். அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை ஆண்களும் அசையவில்லை. ஒருவர்கூடத் தலையைக் குனியவில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. வோல்டர் முன்னே பார்த்தபடி நின்றார். மாக்ரெட் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. உண்மையில் பத்து விநாடிகூட இருந்திருக்காது. என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள், ஒருவருக்கும் உதவத் தோன்றவில்லையே என்று கோபமாக வந்தது. எழுந்து கதிரையில் ஏறி நின்று, என்னால் முடிந்த அளவுக்கு உரத்து, அவர் பெயரைக் கத்தினேன்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரித்தது. கேலிச் சிரிப்பு அல்ல. சின்னப் பிள்ளை ஒன்று செய்ததற்குச் சிரிக்கும் சிரிப்பு. கை தட்டினார்கள். சித்தப்பா கண்களைத் திறந்தார். சத்தம் வந்த திசையைத் தேடி, என்னைக் கண்டார். தலையை ஆட்டி, சிரிப்புப் போல ஒன்றைச் செய்துகொண்டு, கடைசி வரிசையில் தன் இடத்துக்குப் போய்விட்டார். கண்ணாடி வெட்டுவதையும் பேஸ் பாடுவதையும் அவர் சொல்லவே இல்லை.

நான் பெருமையோடு இருந்தேன். இரண்டு கதிரை தள்ளியிருந்த அம்மா எட்டி என் தொடையில் கிள்ளினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பெண்ணின் தாய் அம்மாவிடம் குனிந்து, “அவருக்குக் கதை தடக்குமோ?” என்று கேட்பது கேட்டது. “சனத்தைக் கண்ட பதட்டம்” என்றார் அம்மா. அப்பா நிகழ்ச்சி நிரலை மிகவும் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த பெண் கை தட்டவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்:

“பிள்ளை, சித்தப்பா உம்மட்ட உதவி கேட்டவரோ?”

“இல்லை. நானாத்தான் செய்தனான்” என்றேன்.

அவர் “ம்” என்றார். பிறகு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பள்ளிக்கூடத்தின் நடைக்கூடத்தில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். பாடியவர்கள் வெயிஸ்கோட்டோடு வெளியே வந்து சொந்தக்காரரோடு நின்றார்கள். அம்மா அவசரப்பட்டார். “சாப்பாட்டுக் கடையில மேசை சொல்லிக்கிடக்கு, வாங்கோ, வெளிக்கிடுவம்” என்று எல்லோரையும் வாசல் பக்கம் திருப்பினார். அந்தப் பெண் மட்டும் திரும்பாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே சித்தப்பாவிடம் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

“உங்கட பேர் என்ன?” என்று கேட்டார்.

சித்தப்பா அவரைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, அவற்ர பேர்…” என்று அம்மா தொடங்கினார்.

“நான் அவரைத்தான் கேட்டனான், அக்கா.” குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் இல்லை.

எல்லோரும் நின்றோம். அப்பா, அம்மா, அந்தத் தாய், கேக் துண்டோடு வந்த வோல்டர், நான். சித்தப்பாவின் வாய் திறந்தது. கண்கள் மூடின. அதே தாடை, அதே நடுக்கம். நான் மறுபடி உதவத்தான் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார்கள். வோல்டர்தான். முதலில் ‘க’ மட்டும் வந்தது. திரும்பவும் ‘க’. பிறகு முழுப் பெயரும், தகப்பன் பெயரோடு சேர்த்து, வந்து முடிந்தது.

“நா… நான் கண்ணாடி வெட்டுறன்” என்றார். “பே… பேஸ் பாடுறன்.”

அந்தப் பெண்ணும் தன் பெயரைச் சொன்னார். “நான் பல் டொக்டரிட்ட ஃபோன் எடுக்கிறன். காலமை துவங்கிப் பின்னேரம்வரைக்கும் விறைச்ச வாயோடதான் சனம் என்னோட கதைக்கிறது. ஒரு அவசரமும் இல்லை.”

சித்தப்பா சிரித்தார். அம்மா சொல்லிவைத்த மேசைக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் பிந்திப் போனோம்.

அடுத்த ஆவணியில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது அஜக்ஸில் இருக்கிறார்கள். சித்தப்பா இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் பாடப் போகிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், அன்று கத்தியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் காத்திருந்தேன். அதற்குள் காத்திருக்கக் கொஞ்சம் பழகியிருந்தேன்.

“அ… அண்டைக்கு,” என்றார், “அது வ… வந்துகொண்டுதான் இருந்தது.”

சொல்லிவிட்டு, தேநீர் வைக்கப் போய்விட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, சாப்பாட்டுக் கடையிலிருந்து திரும்பும்போது, சித்தப்பா தன் காரில் பின்னால் வர, எங்கள் காரின் பின்சீற்றில் நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவ்வளவு பெரிய உதவி செய்தவளுக்கு ஒருவரும் ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. அதோடு இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

“அம்மா, அந்த அன்ரிக்குக் காது கேக்காதோ?”

“ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?”

“நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டுதானே அவ்வளவு பலமாச் சொன்னனான். பிறகும் போய்ப் பேர் என்னெண்டு கேட்டவ.”

எதற்கும் உடனே பதில் சொல்லும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா சிக்னல் போட்டு ஷெப்பர்ட் வீதியில் திருப்பினார். அவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது, பாவம் என்று மறைக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். இரண்டு கிழமை கழித்து அந்த அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே அவர் காதருகில் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக, அவருக்குக் கேட்கவேண்டும் என்று உரக்க உரக்க அவரை உள்ளே வரச் சொன்னேன்.